காணவில்லை என்பதும் இல்லை என்பதும்

முகிலின் மேற்பரப்பைப் படம்பிடிக்கும் செயற்கைக்கோள்கள் பல உள. ஆயின், முகிலைக் குடைந்து உள்ளடுக்குகளை அளக்கும் மில்லிமீட்டர் அலை ராடார் முதன்முதலாக விண்ணுக்குச் சென்றது 2006 ஏப்ரல் 28 அன்றுதான். நாசா ஏவிய 'கிளவுட்சாட்' என்னும் அக்கோள், ஏறத்தாழ 700 கி.மீ. உயரத்திலிருந்து 94 கிகாஹெர்ட்சு அலைகளைக் கீழ்நோக்கி அனுப்பி, நுண்துளிகளிலும் பனித்துகள்களிலும் பட்டு மீள்வனவற்றைப் பதிவு செய்தது.

மீளும் அலை மிக நலிந்தது. கருவியின் இரைச்சலோடு கலந்தே வருவது. அதனைப் பிரித்தறியும் பணி அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. ஆங்கு ஒவ்வோர் அடுக்கின் அளவுக்கும் ஓர் எண் இட்டனர். 40 எனில் வலுவான முகில். 20 எனில் ஐயத்திற்குரியது. தரையில் பட்டு மீண்டதாக இருக்கலாம் எனத் தோன்றின் 5. சிதைந்த ஓலைச்சுவடியைப் பதிப்பிப்போர், புரியாத எழுத்துக்குப் புள்ளியிட்டு வைப்பதைத் தமிழ்த்துறையினர் அறிவர். ஏறக்குறைய அதே நேர்மைதான் இதுவும்.

வருந்தத்தக்கது யாதெனில், வண்ணப்படமாக வெளிவரும்போது இவ்வெண்கள் மறைந்துவிடுகின்றன. வெற்றிடமாகத் தெரியும் பகுதியை 'முகிலற்ற வானம்' என்றே படிப்போர் கொள்கின்றனர். உண்மையோ வேறு. தரையிலிருந்து மீளும் வலிய அலை, அதனையொட்டிய ஏறத்தாழ 1 கி.மீ. உயரத்திற்குள் உள்ள முகில்களை மறைத்துவிடும். மிக மெல்லிய உயர்முகில்களோ ராடாருக்குத் தென்படா. அவற்றைக் காண, உடன் ஏவப்பெற்ற 'காலிப்சோ'வின் லேசர் ஒளி தேவைப்பட்டது. கடல்மேல் தாழ்ந்து படரும் முகில் கதிரொளியைத் திருப்பியனுப்பிப் புவியைக் குளிர்விப்பது. அதனை இல்லையெனக் கணக்கிட்டால், புவி வெப்பமாதல் பற்றிய கணிப்பே பிறழுமன்றோ?

இன்னொன்று. 2011 ஏப்ரலில் கோளின் மின்கலம் பழுதுற்றது. அதன்பின் பகலில் மட்டுமே ராடார் இயங்கிற்று. இதனை அறியாது முன்னைய, பின்னைய ஆண்டுகளின் சராசரியை ஒப்பிடுவோர், இரவு முழுவதும் விடுபட்டதை வானிலை மாற்றம் என மயங்கக்கூடும். கணினி இதற்காக எவரையும் எச்சரிப்பதில்லை. கூட்டு என்றால் கூட்டும்.

ஆகவே தரவுப் பணியை எழுத்தர் வேலையெனத் தாழ்த்திப் பேசுவதை நான் ஏற்கவில்லை. மூலப்பதிவைப் பேணி வைத்தமையாலன்றோ, கணிப்பு முறை திருந்தியபோதெல்லாம் முழுத் தரவையும் மீண்டும் செப்பனிட முடிந்தது! கிளவுட்சாட்டின் பணி 2023 டிசம்பரில் நிறைவுற்றது. 2024 மே 28 அன்று ஐரோப்பாவும் ஜப்பானும் இணைந்து அனுப்பிய 'எர்த்கேர்' கோளின் ராடார், துளிகள் ஏறி இறங்கும் வேகத்தையும் அளக்கவல்லது. இவ்விரண்டின் தரவையும் இணைக்க முனையும் மாணாக்கர், படங்களைப் பார்க்குமுன் அந்த எண்களைக் கேட்டுப் பெறுவாராக.