சம்பளத்துக்குப் போனவனுக்கும் பெயர் உண்டு

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 11-ம் தேதி புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். மறுநாள் நாளிதழில் படம் வருகிறது. படத்தைப் பார்த்ததும் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "சம்பளத்துக்குப் போனவங்கதானே சார், இவங்களுக்கு எதுக்கு இத்தனை மரியாதை?" பல வருடங்களாகக் கேட்டுப் பொறுத்துவிட்டேன். எழுபதைத் தாண்டியாயிற்று. இனியும் பொறுப்பதாக இல்லை.

முதலில் சம்பளக் கணக்கைப் பார்த்துவிடுவோம். நானும் சம்பளத்துக்குத்தான் அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை பார்த்தேன். சம்பளம் வாங்காத கலெக்டர் உண்டா? சம்பளம் வாங்காத தளபதி உண்டா? மார்ஷல் ஃபோஷ் ஒன்றும் இலவசமாகப் போர் நடத்தவில்லை. அவர் பெயரில் பாரிஸில் பெரிய சாலையே இருக்கிறது. அவரைக் கூலிக்காரர் என்று எவரும் சொல்வதில்லை. வயிற்றுக்காகப் போன ஏழைச் சொல்தாவை மட்டும் சொல்கிறோம். மேலே இருப்பவன் வாங்கினால் ஊதியம், கீழே இருப்பவன் வாங்கினால் கூலி. இது என்ன நியாயம்?

இரண்டாவது விஷயம் செத்தவனைப் பற்றியதுகூட அல்ல, காணாமல் போனவனைப் பற்றியது. பள்ளியில் 'திஸ்பாரூ' என்ற பிரெஞ்சுச் சொல்லை எங்களுக்கு வினையெச்ச இலக்கணத்தோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மறைந்துபோன, காணாமல் போன என்று பொருள். அது ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. புருஷன் இறந்தான் என்று தாள் வந்தால் அழுது தீர்க்கலாம், பென்ஷனுக்கு எழுதிப் போடலாம். காணவில்லை என்று தாள் வந்தால் அவள் சுமங்கலியா, விதவையா? இறந்த தேதி என்ற இடம் காலியாக இருந்தால் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகராது. இது குமாஸ்தாக்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் உலகப் போரில் பிரான்ஸ் தரப்பில் சுமார் 14 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 3 லட்சம் பேரின் உடல் கிடைக்கவில்லை, அல்லது யாருடையது என்று தெரியவில்லை. வெர்தன் பக்கத்தில் துவோமோன் எலும்பு மாளிகையில் பிரெஞ்சு, ஜெர்மன் வீரர்கள் 1,30,000 பேரின் எலும்புகள் கலந்து கிடக்கின்றன.

இத்தனை பேருக்குமாகச் சேர்த்து ஒருவனை எடுத்தார்கள். 1920 நவம்பர் 10 அன்று வெர்தன் கோட்டைக்குள் எட்டுச் சவப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அமைச்சர் மாழினோ ஒரு சாதாரணச் சிப்பாயின் கையில் பூங்கொத்தைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அந்தச் சிப்பாய் ஒகுஸ்த் தேன், 21 வயது. தன் படைப்பிரிவின் எண் 132, கூட்டினால் 6 என்று கணக்குப் போட்டு ஆறாவது பெட்டியில் பூவை வைத்தார். பாரிஸ் வெற்றி வளைவின் கீழ் இன்றும் இருப்பது அந்தப் பெட்டிதான். இந்தக் கதையைப் பள்ளியில் பெருமையாகச் சொன்னார்கள். ஒகுஸ்த் தேனின் தகப்பனாரும் அதே போரில் காணாமல் போனவர் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பையன் எட்டுப் பெட்டிகளையும் சுற்றி வந்தபோது மனதில் என்ன ஓடியிருக்கும்? ஒருவனை ராஜாவைப் போல அடக்கம் செய்துவிட்டு மற்றவர்களின் கணக்கை முடித்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆங்கிலேயர்கள் செய்ததைப் பாருங்கள். எழுத்தாளர் கிப்ளிங்கின் மகன் ஜான், பார்வைக் குறையால் படையில் மறுக்கப்பட்டவன். தகப்பனாரின் செல்வாக்கால் அதிகாரியாகச் சேர்ந்து, 1915-ல் லூஸ் போரில் 18 வயதில் காணாமல் போனான். கிப்ளிங் வருடக்கணக்கில் தேடினார், கூட இருந்த சிப்பாய்களை எல்லாம் விசாரித்தார். அந்தத் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1992-ல், பெயரில்லாத ஒரு கல்லறை ஜானுடையதுதான் என்று போர்க்கல்லறை ஆணையம் முடிவு செய்தது. அந்த முடிவைச் சந்தேகிக்கும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் 77 வருடம் கழித்தும் அவனைத் தேட ஆள் இருந்தது அல்லவா?

அதே ஆணையம் ஈராக்கில் பஸ்ரா நினைவகத்தைக் கட்டியபோது, இந்திய அதிகாரிகளின் பெயரைச் செதுக்கிவிட்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று வெறும் எண்ணாகப் போட்டது. நம் மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் போரிட்ட களம் அது. பெயர் தெரியாததால் விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பிரான்ஸில் நெவ் ஷப்பேல் என்ற இடத்தில் அதே ஆணையம் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களை, சிப்பாய் வரைக்கும், பெயரோடு செதுக்கியிருக்கிறது. ஐரோப்பாவின் கண்ணெதிரே பெயர், பாலைவனத்தில் எண். ஆப்பிரிக்கச் சுமைகூலிகளுக்குப் பல இடங்களில் அந்த எண்கூட இல்லை. குறைந்தது 1,16,000 பேருக்கு எங்கும் பெயர் பொறிக்கப்படவில்லை, அந்தத் தொகை 3,50,000 வரை போகலாம் என்று 2021-ல் அந்த ஆணையமே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் கழித்து!

"அது நம்ம போரே இல்லையே" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், வெள்ளைக்காரன் போர்தான். அப்படியானால் அனுப்பியவனைத் திட்டுங்கள். போனவனை ஏன் மறக்க வேண்டும்? இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போன நம்மூர்ச் சொல்தாக்களின் பென்ஷனில் இந்த ஊரில் எத்தனை வீடு எழும்பியது, எத்தனை பிள்ளைகள் படித்தார்கள்! பணத்துக்கு மட்டும் கைநீட்டிவிட்டு, அதைச் சம்பாதித்தவனைக் கூலிக்காரன் என்பது நன்றிகெட்ட பேச்சு.

பழைய கதையைக் கிளறி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக இறந்தவர்களின் அட்டைகளை அந்த நாட்டு அரசு இணையத்தில் போட்டிருக்கிறது. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், படைப்பிரிவு எல்லாம் அதில் உண்டு. பேரப்பிள்ளைகளை உட்கார வைத்துத் தேடச் சொல்லுங்கள். வீட்டுப் பரணில் தாத்தாவின் 'லிவ்ரே' கிடந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், போன வருடம், கடைசிக் கடிதம் வந்த இடம் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிரெஞ்சு படிக்கத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டு வாருங்கள். கண் தெரியும் வரை படித்துச் சொல்கிறேன்.