ஏழு கையெழுத்து

தொழிற்சங்கப் பதிவாளரை ‘உறுப்பினர் உரிமையின் காவலர்’ என்று எழுதியிருக்கிறது சக இதழ் ஒன்று. தலைவர்கள் சந்தாப் பணத்தில் கைவைக்காமலிருக்க அரசு என்ற மூன்றாவது கண் வேண்டுமாம். எழுதியவர் ஒருகாலத்தில் மார்க்சியச் சிந்தனையாளர் அல்தூசரைக் கரைத்துக் குடித்தவர். மூன்றாவது கண் எதற்குத் திறக்கும் என்பதை அவர் நக்கீரரிடமாவது கேட்டிருக்கலாம்.

கைவைக்கிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அதற்காகத்தான் சங்கங்கள் ஆண்டுதோறும் பதிவாளருக்குக் கணக்குக் காட்டுகின்றன. பதிவாளரிடம் கணக்குக் கேட்பது யார்? பூந்தமல்லியைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர். 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டவற்றில் முக்கியமானது சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கத்தின் பெயரில் தன் பெயர் வரக்கூடாது என்றது கம்பெனி. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், பதிவு கிடைத்தது 2025 ஜனவரி 27இல். பதிவாளர் தொழிலாளர் துறை அதிகாரி. அந்தத் துறையை நடத்தும் அரசுதான் முதலீட்டாளருக்குச் சிவப்புக் கம்பளமும் விரிக்கிறது. காவலருக்குச் சம்பளம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

சங்கத்தைப் பதிவுசெய்ய 1926 தொழிற்சங்கச் சட்டம் முதலில் கேட்டது ஏழே கையெழுத்து. (2001இல் பத்து விழுக்காடு அல்லது நூறு பேர் என்று ஏற்றிவிட்டார்கள்.) அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடை பெஞ்சில் ஏழு லேத் தொழிலாளர்கள் கையெழுத்திட்டதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் பக்கத்து பெஞ்சில் ‘அந்நியமாதல்’ பற்றித் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் விரலிலிருந்த கட்டிங் ஆயில் தாளில் இறங்கிவிட்டது. கறை இருக்கிறது, வேறு எழுதி வாருங்கள் என்று பதிவாளர் அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். மறுவாரம் எழுவரில் இருவருக்கு வேலை இல்லை. பெயர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பதிவில்லை.

பக்கிங்ஹாம் மில் வழக்கில் தொழிற்சங்கத் தலைவர் வாடியாவுக்கு நீதிமன்றம் தடைபோட்ட பிறகு எழுந்த கூக்குரலில் பிறந்தது அந்த 1926 சட்டம். சங்கத்தைக் காக்க வந்தது, சங்கத்தைக் கண்காணிக்கும் சட்டமாக நின்றுவிட்டது. ஆவடி காங்கிரஸ் மாநாட்டில் 1955இல் சோஷலிசத் தீர்மானம் போட்டார்கள். 2021இல் அதே ஆவடியின் டாங்கித் தொழிற்சாலை கம்பெனியாக்கப்பட்டபோது, பாதுகாப்புத் துறையில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. காவல் என்ற சொல்லுக்குக் காவல் நிலையம் என்றும் ஒரு பொருள் இருக்கிறதல்லவா?

கறைபடிந்த அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நண்பரின் இதழுக்குச் சந்தா அனுப்பும்போது நகலெடுத்து இணைக்கிறேன்.