பழங்கணினியைப் பரணேற்றாதீர்!

ஓடத்தின் தாங்குதிறம் அறியாது பண்டம் ஏற்றுவார் உண்டோ? ஏற்றிய பின் ஓடம் ஆழ்கின்றதென்று அதனை உடைத்தெறிவார்தாம் உண்டோ? கணினித் துறையில் நாம் அதனையே செய்துவருகின்றோம்.

விண்டோசு 10 இயங்குதளத்திற்கான பொதுப் பேணுகை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோசு 11-ஓ குறைந்தது 4 கிகாபைட்டு நினைவகமும், பாதுகாப்புக் கூறும், அண்மைக்காலச் செயலியும் வேண்டி நிற்கின்றது. ஆகலின், பழுதேதும் இல்லாக் கணினிகளும் ஒரே நாளிற் பழம்பொருள் ஆயின. எம் பள்ளியிலும் ஆறு கணினிகளைக் காட்டி, "எடைக்குப் போட்டுவிடுங்கள், ஐயா" என்றார் பழுதுபார்ப்பவர். திரை மங்கவில்லை, விசை தேயவில்லை. குற்றம் கணினியதா, அதன்மேல் ஏற்றிய சுமையதா?

இந்நிலையில் நமக்குத் துணையாவது இலினக்சு. 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்சு தொடங்கிய கருநிரலும், 1983-இல் இரிச்சர்டு இசுட்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளும் இணைந்து பிறந்தது அது. இவற்றோடு வேண்டிய செயலிகளையும் தொகுத்துத் தருவதே வழங்கல் எனப்படும். வழங்கல்களோ நூற்றுக்கணக்கின. புதிதாய்ப் பயில்வார் இங்கேதான் மயங்குகின்றனர். "எது சிறந்தது?" என்று வினவுதல் பிழை; "எக்கணினிக்கு, எவர்க்கு?" என்பதே வினா.

எம் கருத்து இது: வழங்கலைத் தேராதீர், குடும்பத்தைத் தேருங்கள். 1993-இல் தோன்றிய தெபியன் குடும்பமே பள்ளிக்கு ஏற்றது. 4 கிகாபைட்டும் அதற்கு மேலும் நினைவகமுடைய கணினிக்கு, எக்சுஃபேசு திரையமைப்புடன் கூடிய இலினக்சு மிண்டு. 2 கிகாபைட்டு உடையதற்கு, அதே திரையமைப்புடன் தெபியன். 1 கிகாபைட்டே உள்ளதற்கும் 32 பிட்டுச் செயலி உடையதற்கும், 2023-இல் வெளிவந்த ஆண்டிக்சு 23. தெபியன் 13 தன் 32 பிட்டு நிறுவியைக் கைவிட்டதை நினைவிற் கொள்க. மூன்றும் ஒரே வேரின; ஒன்றில் 'ஆப்டு' கட்டளை கற்ற மாணவன் மற்றொன்றில் அயலானாகான்.

"ஆர்ச்சு, செந்தூ முதலியவற்றில் தானே கட்டியமைத்தால்தான் ஆழ்ந்த அறிவு வரும்" என்பார் உளர். உண்மையே, ஆயின் எழுத்தறியாச் சிறுவனுக்கு முதல்நாளே இலக்கணம் நடத்துவார் யார்? திங்கள்தோறும் வழங்கல் மாற்றுபவன் நிறுவக் கற்பான், வேறொன்றும் கல்லான்.

மிகைபடவும் கூறோம். இயங்குதளம் எத்துணை எளிதாயினும் இக்கால உலாவி நினைவகத்தை விழுங்கவே செய்யும். இரண்டு கிகாபைட்டில் பல பக்கங்களை ஒருங்கே திறவாதீர். சுழலும் வட்டினை நீக்கித் திண்ம வட்டினைப் பொருத்தின், விரைவு வியக்குமாறு மிகும். நிறுவுமுன் கோப்புகளைப் படியெடுத்து வைத்து, விரலியிலிருந்தே இயக்கி ஒலி, திரை, வலையிணைப்பு ஆகியவற்றை ஆய்க.

இன்னொரு நலனும் உண்டு. இவற்றிற் பட்டிகள் பலவும் தமிழிற் கிடைக்கின்றன. 1999-இல் அமைந்த தமிழ்99 விசைமுறையையும் சேர்க்கலாம். ஒரு சொல் பிழையாயின் அதனைத் திருத்தியனுப்பும் உரிமை நம் மாணவனுக்கு உண்டு. விலைகொடுத்து வாங்கிய நிரலில் அவ்வுரிமை உண்டோ?

எம் ஆறு கணினிகளுள் நான்கு மீண்டும் இயங்குகின்றன. எஞ்சிய இரண்டையும் மாணவர் பிரித்து, உறுப்புகளின் பெயரும் பணியும் கற்கின்றனர். ஆசிரியப் பெருமக்களே, நும் பள்ளிப் பரணில் உறங்குவன எத்தனை? இவ்விடுமுறையில் ஒன்றனையேனும் இறக்குமின், தூசு துடைமின், ஒரு மாணவனை அதன்முன் அமர்த்துமின்!