மெகாவாட்டை வச்சு கடன் கட்ட முடியுமா?

போன வாரம் வகுப்பில் ஒரு காற்றாலைக் கணக்கு. 1 மெகாவாட் காற்றாலை, வருஷத்துக்கு 8,760 மணி நேரம், பெருக்கினால் 87.6 லட்சம் யூனிட். எங்க குரூப் அப்படியே எழுதிக் கொடுத்தோம். முழு மார்க்! இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு மக்களே.

வருஷம் முழுக்க ஒரே வேகத்தில் காற்றடிக்கிற ஊர் எங்கே இருக்கு? முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியா பிய்ச்சுக்கிட்டு வரும். மத்த மாசங்களில் அந்த வேகம் கிடையாது. வருஷம் மொத்தத்துக்கும் 25 சதவீதம் தேறினால் 21.9 லட்சம் யூனிட்தான். கடன் தவணை மட்டும் 12 மாசமும் தவறாம வரும்.

"சரி, சராசரி வேகத்தை வச்சுப் போடலாமே" என்பார்கள் கொஞ்சம் விவரமானவர்கள். அதுவும் தப்பு. காற்றின் சக்தி வேகத்தோட மும்மடிக்கு ஏற்ப ஏறும். பாதி நேரம் விநாடிக்கு 4 மீட்டர், பாதி நேரம் 8 மீட்டர் என்றால் சராசரி 6. அதோட மும்மடி 216. ஆனால் 64-க்கும் 512-க்கும் சராசரி 288! நாலில் ஒரு பங்கு எங்கே போச்சு? எந்த வேகம் எத்தனை மணி நேரம் அடிச்சதுன்னு அளந்து, அதை அந்த எந்திரத்தோட பவர் கர்வில் பொருத்தணும். முன்னால் நிற்கிற காற்றாலை பின்னால் நிற்பதன் காற்றைத் தின்னுவதையும் கழிக்கணும்.

இதையெல்லாம் முதலீட்டாளர்கள் ஏன் ரொம்ப நாள் கண்டுக்கலை? நம்ம காமர்ஸ் மூளைதான் காரணம். 2012 மார்ச் வரை காற்றாலைக்கு 80 சதவீதத் தேய்மானம். விசிறி சுத்துதோ இல்லையோ, வரி மிச்சம். பணம் போட்டதுக்குச் சலுகை, யூனிட்டுக்கு இல்லை. 2009 டிசம்பரில் யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை அறிவிச்சாங்க. அதுவும் இந்தத் தேய்மானத்தை வேண்டாம்னு சொன்னவங்களுக்குத்தான். 2012-ல் தேய்மானம் 15 ஆச்சு, 2014-ல் மறுபடி 80, 2017-ல் 40. சலுகை மாறுகிற வேகத்தைக் கணிக்கத்தான் இங்கே ஆடிட்டர்கள் இருக்காங்க, காற்றைக் கணிக்க யாரு?

கடன் கொடுக்கிறவங்க பி-90 என்று ஒரு எண் கேட்பாங்க. உற்பத்தி அதுக்குக் கீழே போகாம இருக்க 90 சதவீதம் வாய்ப்பு என்று அர்த்தம். அது எங்க பாடத்தில் இல்லை. அடுத்த அசைன்மென்ட்டில் அதைப் போட்டுத்தான் கொடுக்கப் போறேன். மார்க் குறைஞ்சா குறையட்டும்.