தேனீக்கு நோய் வந்தால் யாரிடம் சொல்வது?

இடம்பெயர்ந்தும் மீளக்குடியமர்ந்தும் வாழும் எமது விவசாயக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகத் தேனீப் பெட்டிகள் வழங்கப்படுவதுண்டு. சொந்தக் காணி இல்லாதவரும் வேலியோரத்தில் ஒரு பெட்டி வைக்கலாம். ஆகவே இது நல்ல முயற்சியே. ஆனால் பெட்டியைக் கொடுப்பதில் காட்டும் அக்கறையை, அந்தப் பெட்டிக்குள் நோய் வரும் நாளில் யார் யாரோடு பேசுவது என்பதில் நாம் காட்டுவதில்லை. தேனீ வளர்ப்பு நிலைப்பதும் அழிவதும் இந்தப் பேச்சில்தான் தங்கியுள்ளது என்பது எமது கருத்து.

இதற்குக் கடலுக்கு அப்பால், எமக்கு மிக அண்மையில் நடந்த ஒன்றே சான்று. தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டமும் அதையடுத்த கேரளமும் தேனுக்குப் பெயர் பெற்ற இடங்கள். அங்கு மார்த்தாண்டத்தில் 1920களிலேயே கிராமப் புனரமைப்பு வேலையின் ஓர் அங்கமாகத் தேனீ வளர்ப்பு கற்பிக்கப்பட்டது. அதற்கு முன்னர், 1910களில், திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த அருட்தந்தை நியூட்டன் எமது சிறிய தேனீக்கு ஏற்ற அளவில் ஒரு பெட்டியை வடிவமைத்துக் கிராமத்தவருக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பெயரிலேயே அந்தப் பெட்டி இன்றும் அழைக்கப்படுகிறது. பின்னாளில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. இரப்பர் மரத்தின் இளம் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேடி, பெட்டிகளைத் தோட்டத்துக்குத் தோட்டம் ஏற்றிச் சென்றார்கள். பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது வருமானம் தந்தது.

1991, 1992 ஆம் ஆண்டுகளில் இவை யாவும் சரிந்தன. 1976இல் தாய்லாந்தில் முதன்முதலாகக் காணப்பட்டதும் 1978இல் வடகிழக்கு இந்தியாவில் தோன்றியதுமான 'தாய் சாக்புரூட்' என்னும் வைரசு நோய் தெற்கே வந்து சேர்ந்தது. கேரளத்தில் வளர்க்கப்பட்ட தேனீக் குடும்பங்களில் 90 வீதத்துக்கும் மேல் அழிந்ததாக மதிப்பிடப்பட்டது. வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டுப் பலர் தொழிலையே கைவிட்டனர்.

இந்த நோயின் இயல்பை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அது வளர்ந்த தேனீயை அல்ல, புழுவையே கொல்கிறது. கூட்டுப்புழுவாக மாறும் தறுவாயில் புழு இறந்து, அறைக்குள் தலையை மேலே நிமிர்த்தியபடி நீண்டு கிடக்கும். வெள்ளை நிறம் மஞ்சளாகிப் பின் கபில நிறமாகும். மெல்லத் தூக்கி எடுத்தால் நீர் நிறைந்த சிறு பை போல் வரும். அறைகளின் மூடி திறந்தும் துளை விழுந்தும் காணப்படும். இறந்த புழுவை அகற்றித் துப்புரவு செய்யும் வேலைக்காரத் தேனீயே வைரசைத் தன்னில் ஏற்றுக்கொண்டு, அடுத்த புழுவுக்கு ஊட்டும்போது அதற்கும் கொடுத்துவிடுகிறது. இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வைரசுக்கு வேலை செய்யாது. அதைக் கரைத்து ஊற்றினால் காசு வீணாகும், தேனும் கெடும்.

மருந்தில்லாத நோய்க்கு எது துணை? சிலருடைய பெட்டிகளில் ஒன்றிரண்டு குடும்பங்கள் நோய்க்குத் தப்பிப் பிழைத்தன. அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் அவற்றைக் கவனித்தார்கள். அவற்றையே பிரித்துப் பெருக்கினார்கள். கேரளத்தின் வெள்ளாயணி விவசாயக் கல்லூரி ஆராய்ச்சியாளர்களும் நோயைத் தாங்கும் குடும்பங்களைத் தெரிந்தெடுத்துப் பெருக்கும் ஆய்வில் ஈடுபட்டார்கள். எந்தப் பெட்டி தப்பியது என்பதை நாள்தோறும் பெட்டியைத் திறப்பவரே அறிவார். அழித்தது எது என்பதை நுணுக்குக்காட்டியும் ஆய்வுகூடமும் உள்ளவரே சொல்ல முடியும். ஒருவரிடம் உள்ள அறிவு மற்றவரிடம் இல்லை.

இந்த உண்மை புதிதல்ல. தேனீயைப் பற்றிய ஆராய்ச்சியில் முன்னோடியாகப் போற்றப்படும் சுவிற்சர்லாந்தின் பிரான்சுவா ஊபர் கண்பார்வையை இழந்தவர். கேள்விகளை அவர் கேட்டார். கூட்டைத் திறந்து பார்த்துச் சொன்னவர் அவருடைய பணியாளர் பூர்னென்ஸ். 1792இல் வெளிவந்த அவர்களது ஆய்வு, கேட்கத் தெரிந்தவரும் பார்க்கத் தெரிந்தவரும் சேர்ந்து கண்டது.

எம்மிடையே இந்தச் சேர்க்கைக்கு மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, வெட்கம். நோய் வந்த பெட்டியை வைத்திருப்பவர் அதைத் தம்முடைய கவனக்குறைவு என்று பிறர் சொல்வார்களோ, தேனை வாங்கமாட்டார்களோ என்று மறைக்கிறார். இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. கவனமாகப் பராமரிக்கும் வீட்டிலும் அது வரும். ஆனால் தேனீ ஓரிரு கிலோமீற்றர் பறக்கும். பலவீனமான கூட்டில் தேனைக் களவெடுக்கப் பக்கத்துக் கூட்டின் தேனீக்கள் வரும். ஒருவர் மறைத்தால் அயலவர் எல்லோரும் இழப்பர்.

இரண்டாவது, ஆராய்ச்சியாளர் பக்கத்துக் குறை. மாதிரிகளை எடுத்துச் செல்வார்கள், கேள்விக்கொத்தை நிரப்புவார்கள், முடிவு ஆங்கில அறிக்கையாக எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கும். எமது நாட்டின் விவசாயத் திணைக்களத்துக்குத் தேனீ வளர்ப்புப் பிரிவு உண்டு. அது பண்டாரவளைப் பகுதியில் இருக்கிறது. வன்னியில் பெட்டி வைத்திருக்கும் ஒரு தாய்க்கு அந்தத் தூரமும் பெரிது, மொழியின் தூரமும் பெரிது. எடுத்த மாதிரிக்கு விளக்கம் தமிழில் திரும்பி வரவேண்டும் என்று கேட்பது எமது உரிமை.

மூன்றாவது, உதவி வழங்குவோரின் அவசரம். வருட முடிவுக்குள் பெட்டிகளைப் பங்கிட வேண்டுமென்று, எங்கிருந்தோ தேனீக் குடும்பங்களை வாங்கி மாவட்டம் விட்டு மாவட்டம் ஏற்றிவருவது ஆபத்தானது. இரப்பர்த் தோட்டங்களின் கதை இதைத்தான் உணர்த்துகிறது: பெட்டி பயணம் செய்தால் நோயும் பயணம் செய்யும். அந்தந்த ஊரின் மரப்பொந்துகளில் வாழும் குடும்பங்களைப் பிடித்து வளர்க்கப் பழக்குவதே பாதுகாப்பானது.

எனவே பெட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் ஐந்தோ பத்தோ சேர்ந்து சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கமிட்டு, திறந்த திகதி, தேனீ மூடியிருந்த சட்டங்களின் எண்ணிக்கை, புழுக்களின் நிலை ஆகியவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டுப் பெட்டியை எல்லோரும் சேர்ந்து திறந்து பாருங்கள். ஊரில் தேன் எடுத்துப் பழகிய முதியவரை அன்று கட்டாயம் அழையுங்கள். விவசாயப் போதனாசிரியரையும் அழையுங்கள். நோய்க்குறி கண்டால் அன்றே அயலவருக்குச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியின் சட்டத்தையோ வதையையோ வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். அதைத் தொட்ட கையையும் கத்தியையும் கழுவாமல் அடுத்ததைத் திறக்காதீர்கள். நோய் கண்ட ஊரில் தப்பிய குடும்பம் இருந்தால் அதை விற்றுவிடாமல் பெருக்குங்கள்.

இடப்பெயர்வில் காணியும் கருவிகளும் போயின. எந்த மாதம் எந்த மரம் பூக்கும், எந்தப் பொந்தில் தேனீ தங்கும் என்று ஊரில் அறிந்திருந்ததும் புதிய இடத்தில் அரைவாசி பயனற்றுப்போனது. அந்த அறிவைத் தனித்தனியே மீளப் பெற ஒரு தலைமுறை வேண்டும். ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொன்னால் சில வருடங்கள் போதும். உதவிப் பட்டியலில் பெட்டியின் எண்ணிக்கையை மட்டும் எழுதும் நிறுவனங்கள், அந்தப் பெட்டிகளைச் சுற்றி எத்தனை பேர் கூடிப் பேசுகிறார்கள் என்பதையும் எழுதத் தொடங்கட்டும்.