மாடு மேய்க்கத்தான் லாயக்கா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கோபமும் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

என் தங்கை பேத்திக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவள் அப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சந்தோஷமாகப் போட்டார். வந்த பதில்களைப் பாருங்கள். "பரவாயில்ல விடுங்க மாப்பிள்ளை, அடுத்த வருஷம் நீட் நல்லா எழுதட்டும்." "பொம்பளப் புள்ளைக்கு இது சரிப்பட்டு வருமா?" "எப்படியோ பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாம்." ஒருத்தர் எதுவும் எழுதாமல் ஒரு எருமைப் படம் மட்டும் அனுப்பியிருந்தார். அந்தப் பிள்ளையும் அதே குழுவில்தான் இருக்கிறாள். எல்லாவற்றையும் படித்திருக்கிறாள்.

இதென்ன துக்க வீடா, ஆறுதல் சொல்ல?

முதலில் ஒன்று. அவள் நீட்டில் தோற்று இங்கே வந்து சேரவில்லை. நீட் எழுதவே இல்லை. கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத்தான் நீட். தமிழ்நாடு முழுக்க ஏழு அரசுக் கல்லூரிகள்தான், அதில் ஓர் இடம் வாங்குவது லேசு இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்தே இதுதான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். நாம்தான் காதில் வாங்கவில்லை.

படிப்பு என்ன என்றாவது யாருக்காவது தெரியுமா? ஐந்தரை வருடம், அதில் ஒரு வருடம் பயிற்சி. மனித டாக்டர் ஓர் உடம்பைப் படிக்கிறார். இவள் மாட்டைப் படித்துவிட்டு, அதோடு ஒப்பிட்டுக் குதிரை, நாய், பன்றி, கோழி என்று படிக்க வேண்டும். மாட்டின் வயிறு நான்கு அறை. குதிரைக்கு ஒரே அறை, அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனைக்கு எமன். கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. நாமக்கல் பண்ணைகளில் சித்திரை வெயிலுக்குத் தண்ணீர் தெளிப்பது வேடிக்கைக்கு இல்லை. இத்தனைக்கும் நோயாளி வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாது.

பட்டத்தின் பெயரிலேயே மருத்துவத்தோடு பராமரிப்பும் இருக்கிறது. எந்தத் தீவனத்தில் எவ்வளவு பால், எந்தக் காளையின் விந்தை எந்தப் பசுவுக்கு, மடிநோய் வராமல் எப்படிக் கறப்பது, சந்தைக்குப் போகும் இறைச்சி தின்னத் தகுந்ததா என்று பார்ப்பது, எல்லாம் பாடம். ஊசி போடுகிற வேலை மட்டும் என்று நினைக்கிறவர்கள் சினை ஊசிக்காரரையும் கால்நடை மருத்துவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

"அப்படி என்ன பெரிசா சாதிச்சுட்டாங்க?" என்று கேட்டார் ஒரு பங்காளி. சொல்கிறேன். உலகத்தில் மனிதன் அடியோடு ஒழித்த தொற்றுநோய்கள் இரண்டே இரண்டு. ஒன்று பெரியம்மை, 1980-இல் அறிவித்தார்கள். இன்னொன்று மாட்டுக்கு வரும் வெக்கை நோய், 2011-இல். என் அப்பா காலத்தில் வெக்கை வந்தால் கட்டுத்தரை ஒரே வாரத்தில் காலியாகும், அந்த வருடம் உழவு கிடையாது. இன்று உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பேரே தெரியாது. மனித மருத்துவர் ஒன்று, மாட்டு மருத்துவர் ஒன்று. கணக்கு சமம்தானே?

கழுகு கதையும் உண்டு. பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியா முழுக்கச் செத்துக்கொண்டிருந்தன. காரணம், வலிக்காக மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக். அந்த மாடு செத்து, அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். ஒரு மாட்டுக்கு எந்த ஊசி என்று முடிவு செய்வதில் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் கழுகும் அடங்கியிருக்கிறது. இதை நான் வகுப்பில் எடுத்திருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

பெண் பிள்ளை விஷயம். சென்னையில் 1903-இல் கால்நடைக் கல்லூரி வந்தது. 1952-இலேயே சக்குபாய் ராமச்சந்திரன் என்ற பெண் அங்கே பட்டம் வாங்கிவிட்டார். எழுபது வருடம் கழித்தும் "சரிப்பட்டு வருமா" என்கிறோம். கன்றின் முன்கால் மடங்கி வெளியே வராமல் சிக்கிக்கொண்டால், உள்ளே கைவிட்டு அதை நிமிர்த்த வேண்டும். அதற்குப் பயில்வான் வேண்டாம், மெலிந்த கையும் பொறுமையும் வேண்டும். நம் வீடுகளில் விடியற்காலை நாலு மணிக்குப் பால் கறப்பதும் சாணி அள்ளுவதும் யார்? அப்போது யாரும் சரிப்படுமா என்று கேட்டதில்லையே. சம்பளமும் பட்டமும் வரும்போதுதான் சந்தேகம் வருகிறது.

கிண்டல் செய்தவர்களில் மூன்று பேர் என்ஜினீயர்கள். தம்பிகளா, உங்கள் காலேஜ் ஃபீஸ் எங்கிருந்து வந்தது? சொசைட்டிக்கு உங்கள் அம்மா ஊற்றிய பால். ஒருத்தனுக்கு மூன்றாம் வருட ஃபீஸுக்கு ஒரு ஜோடி காங்கேயம் காளை போனது. நான்தான் சந்தைக்குக் கூடப் போனேன்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். படித்து முடித்ததும் அரசு வேலை வாசலில் காத்திருக்காது. உதை விழும். கன்று வீச்சு நோய், வெறிநோய் மாதிரி மனிதனுக்கும் தொற்றுகிற ஆபத்து உண்டு. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "தெரியும் தாத்தா" என்றாள்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? இல்லை. என் மாணவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், வீட்டுப்பாடம் எழுதாதவனைப் பார்த்து நான் என்ன சொல்வேன் என்று. "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு." முப்பத்து நாலு வருடம் சொன்னேன். மாட்டை அவமானமாக உங்கள் மனதில் ஏற்றியதில் எனக்கும் பங்கு உண்டு.

ஒருவனை மறக்க முடியவில்லை. ஆட்டுக்காரர் வீட்டுப் பையன், பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. அசை போடுதல் பாடம் எடுத்தபோது, ஈரத் தழையை அதிகம் தின்ற ஆட்டுக்கு இடப்பக்கம் ஏன் உப்புகிறது, எப்படி நிற்கவைத்தால் காற்று வெளியேறும் என்று எழுந்து சொன்னான். புத்தகத்தில் இல்லாத விஷயம். எனக்கே தெரியாது. நான் என்ன செய்தேன்? "இதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். அதற்கு முந்தின வாரம்தான் அவனிடம் அந்த வசனத்தைச் சொல்லியிருந்தேன். "ஆமாங்க சார்" என்றான். பத்தோடு நின்றுவிட்டான். 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்நடை மருத்துவத்திலும் 2021-இல்தான் வந்தது. அது அன்றைக்கு இருந்திருந்தாலும் அவனை அதுவரை கொண்டுபோக வேண்டிய ஆள் நான்தான். அவனோடு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவன் நம்பரை எனக்கு அனுப்புங்கள்.

திங்கட்கிழமை அவளை விடுதியில் விடப் போகிறோம். எருமைப் படம் போட்டவர் கவனிக்கவும். இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டதால் அதை இனி நீக்க முடியாதாம், பேரன் சொன்னான். அதனால் அவளுக்கே போன் போட்டுப் பேசிவிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதுவரை கட்டுத்தரையில் இருப்பாள்.