தேக்காவை வளர்த்த ஓடை

தோட்டத்து ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். பட்டணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கோ தண்ணீர் என்றால் குழாய்தான். சிங்கப்பூர்த் தேக்காவுக்கு ஜவுளி எடுக்கப் போகிறீர்களே, பக்கத்தில் ரோச்சோர் கால்வாய் ஓடுவதை நின்று பார்த்ததுண்டா? நம்மவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்ததில் அதற்கும் பங்குண்டு.

மாடு வளர்க்கப் புல்லும் நீரும் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ரோச்சோர் ஓரத்துச் சதுப்பு நிலத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. மாட்டு வியாபாரம் பெருகியது. அதை நம்பி இந்தியத் தொழிலாளர்களும் வந்து சேர்ந்தார்கள். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்கள் அந்த எருமைகளின் அடையாளமே. ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் மலாயில் எருமைத் தொழுவம். அந்தப் பெயர் தாங்கிய மகப்பேறு மருத்துவமனையில் 1966-இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன! கரையோரத்து மூங்கிலால் வந்த ஹொக்கியன் பெயர்தான் ‘தேக்கா’.

இன்னோர் ஓடை, பிராஸ் பசா. அதன் கரையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் ஊராரின் துணிகளைத் துவைத்தார்கள். டோபி காட் என்ற பெயரில் உள்ள ‘காட்’ படித்துறையைக் குறிக்கும். இன்று அங்கே ரயில் நிலையம் இருக்கிறது, துறையைக் காணோம். ஓடை ஸ்டாம்ஃபோர்டு கால்வாயாகி ஆர்ச்சர்ட் சாலையின் அடியில் மறைந்தது.

மூடினால் ஓடை இல்லாமற் போய்விடுமா? 2010 ஜூன் 16-இல் பெய்த பெருமழையில் ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பிறகு 38,000 கன மீட்டர் கொள்ளும் தடுப்புத் தொட்டியும், சிங்கப்பூர் ஆற்றுக்கு நீரைத் திருப்பும் கால்வாயும் கட்டி 2018-இல் முடித்தார்கள்.

ரோச்சோரின் கதை வேறு. 2008-இல் மரினா அணை திறக்கப்பட்டபின், அந்த நீர் கடலுக்குப் போய் வீணாகாமல் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது. எருமை புரண்ட ஓடை இன்று உலைப் பானைக்கு வருகிறது!

துணி துவைத்தவர்கள், மாடு மேய்த்தவர்கள் பெயரை எந்தக் கல்லிலும் பொறிக்கவில்லை. அவர்கள் தொழில் மட்டும் தெருப் பெயர்களில் நிற்கிறது. அடுத்த முறை பிள்ளைகளோடு போகும்போது அந்தப் பெயர்ப் பலகைகளைக் காட்டி, பொருள் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் அறிந்த ஓடை எது என்று கேட்டு வையுங்கள். நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?